நேற்று ஒத்துக்கொண்டது இன்று உயிர் பறிக்கலாம்: சார்ள்ஸ் ரிஷேயின் வாழ்வு உணர்த்தும் பாடம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்குக் கடல் புதியதல்ல. உட்துறைமுகத்தின் அமைதியான நீரும், கொட்டியாரக்குடாவின் விரிந்த பரப்பும், சாமி மலையின் அடியில் மோதும் அலைகளும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருசேர உணவளித்து வந்திருக்கின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் இறாலும் நண்டும் கணவாயும் சூரையும் அன்றாட உணவாகும். இத்தகைய மண்ணில், ஒரு பிடி இறால் கறி ஒருவரின் உயிரைச் சில நிமிடங்களில் பறித்துவிடக்கூடும் என்று சொன்னால் அதனை நம்புவோர் சிலரே. சிறு வயது முதல் உண்டு வந்த ஒன்று, நேற்றுவரை ஒத்துக்கொண்ட ஒன்று, இன்று மட்டும் எவ்வாறு ஒவ்வாமற் போகும் என்ற கேள்வியே முதலில் எழும்.

அக்கேள்விக்கான விடையைத் தேடித் தந்தவர் பிரான்ஸ் நாட்டின் உடற்றொழிலியல் அறிஞர் சார்ள்ஸ் ரிஷே ஆவார். அந்த விடையும் கடலில் இருந்தே கிடைத்தது என்பது கடலோர மக்களாகிய நாம் மனங்கொள்ள வேண்டியதாகும். நூற்றாண்டுக்கு முன்னர் அவர் கண்ட உண்மையை நாம் இன்னும் முழுமையாக உள்வாங்கிக் கொள்ளவில்லை. ஆகவே அவரது வாழ்வைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

ஒவ்வாமை என்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த நோயன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் ரை நகரில் பிறந்த பெரும் மருத்துவர் அர்ராஸி, வசந்த காலத்தில் ரோஜா மலரை முகரும்போது மாத்திரம் ஒருவருக்கு மூக்கில் நீர் வடிவது ஏன் என்பதை ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார். எல்லோருக்கும் இன்பம் தரும் ஒரு பொருள் ஒருவருக்கு மட்டும் துன்பம் தருவதை இஸ்லாமிய மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கூர்ந்து நோக்கியிருக்கிறது. ஆயினும் அத்தகைய மாறுபாடு உயிரையே கொண்டுபோகும் அளவுக்குச் செல்லக்கூடும் என்பதும், அதன் வழிமுறை யாதென்பதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவாயின.

ரிஷே 1850ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் அல்பிரெட் ரிஷே புகழ்பெற்ற சத்திரசிகிச்சைப் பேராசிரியர். மகனும் அதே துறையில் ஒளிவீசுவார் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மகனின் மனமோ உடல் எவ்வாறு இயங்குகிறது என்ற ஆராய்ச்சியில் சென்றது. மருத்துவத்திலும் விஞ்ஞானத்திலும் கலாநிதிப் பட்டங்களைப் பெற்ற அவர், 1887ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் பேராசிரியரானார். இரைப்பையின் அமிலம், உடல் வெப்பம் சீராக இருப்பதன் காரணம், மயக்க மருந்துகள் எனப் பல துறைகளில் அவரது ஆய்வுகள் விரிந்தன. ஆய்வுகூடப் பணிகளுக்கிடையே 1878 முதல் 1902 வரை 24 ஆண்டுகள் ஒரு விஞ்ஞான சஞ்சிகையின் ஆசிரியராகவும் அவர் கடமையாற்றினார். பத்திரிகைத் தொழிலின் சுமையறிந்த நாம் இதனை வியப்புடன் நோக்குகின்றோம்.

நோயெதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சியிலும் அவர் முன்னோடியாவார். நோய்க்கிருமியை எதிர்த்து வென்ற ஒரு விலங்கின் இரத்தத்தை மற்றொரு விலங்கிற்குச் செலுத்தினால் அதற்கும் பாதுகாப்புக் கிட்டும் என்பதை அவரும் அவரது நண்பர் எரிக்கூரும் 1888ஆம் ஆண்டிலேயே பரிசோதித்துக் காட்டினர். 1890ஆம் ஆண்டு டிசெம்பரில் அத்தகைய சீரத்தை மனிதருக்கு ஊசி மூலம் ஏற்றினார் ரிஷே. விலங்கின் சீரம் மனிதனைக் காக்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் உலகெங்கும் பரவிற்று. அதே சீரம் சிலரைக் கொல்லவும் கூடும் என்பதை விளக்கும் பொறுப்பும் பின்னர் அவரையே வந்தடைந்தது.

1901ஆம் ஆண்டு கோடை காலத்தில் மொனாக்கோ நாட்டின் மன்னரும் கடலாராய்ச்சியில் பேரார்வம் கொண்டவருமான முதலாம் அல்பேர்ட், தமது ஆய்வுக் கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்குப் புறப்பட்டார். ரிஷேயும் இளம் ஆய்வாளரான போல் போர்ட்டியேயும் உடன் சென்றனர். போர்த்துக்கீசப் போர்க்கப்பல் என்று மாலுமிகள் பெயரிட்டிருந்த ஒரு கடலுயிரின் நஞ்சை ஆராயுமாறு மன்னரே அவர்களைத் தூண்டினார். நீலக் குமிழி போல நீரில் மிதந்து, நீண்ட இழைகளால் தீண்டுவது அவ்வுயிர். போர்த்துக்கேயரின் மெய்யான போர்க்கப்பல்களைக் கண்ட எமது துறைமுகத்துக்கு அப்பெயர் அந்நியமானதன்று. அதன் இனம் இந்து சமுத்திரத்திலும் உண்டு. எமது கடற்றொழிலாளர் சொறி என அழைக்கும் இழுதுமீன்களைப் போல அதுவும் தீண்டினால் கடும் வேதனை தரும்.

பாரிஸ் திரும்பிய இருவருக்கும் அவ்வுயிர் கிடைக்கவில்லை. ஆகவே கடற்சாமந்தி எனப்படும் வேறொரு கடலுயிரின் நஞ்சைக் கொண்டு நாய்களில் ஆய்வைத் தொடர்ந்தனர். சிறிய அளவு நஞ்சு ஏற்றப்பட்ட சில நாய்கள் பிழைத்துத் தேறின. நெப்டியூன் என்ற பெயருடைய வலிமையான நாயும் அவற்றுள் ஒன்று. மூன்று வாரங்களுக்கு மேல் கழிந்து, அது முழு ஆரோக்கியத்துடன் துள்ளித் திரிந்த வேளையில், முன்னர் தாங்கிக்கொண்ட அதே சிறிய அளவு மீண்டும் ஏற்றப்பட்டது. சில விநாடிகளிலேயே மூச்சுத் திணறிற்று. நிற்க முடியாமற் சரிந்தது. வாந்தியும் பேதியும் கண்டன. 25 நிமிடங்களில் அந்நாய் இறந்துபோயிற்று.

ஒருமுறை நஞ்சைத் தாங்கிய உடல் மறுமுறை அதனை மேலும் எளிதாகத் தாங்கும் என்பதே அக்கால மருத்துவத்தின் கருத்தாகும். அம்மை குத்துவதும் தடுப்பூசி ஏற்றுவதும் அந்த அடிப்படையில் அமைந்தவையே. நெப்டியூனின் மரணம் அதற்கு நேர்மாறாக இருந்தது. வேறொருவராயின் அளவில் தவறு நேர்ந்ததென்றோ, நாய்க்கு வேறு நோய் இருந்ததென்றோ எண்ணி ஒதுக்கியிருக்கலாம். ரிஷே அவ்வாறு செய்யவில்லை. பிற நாய்களிலும் சோதித்து, அதே விளைவைக் கண்டார். 1902ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி இருவரும் பாரிஸ் உயிரியற் சங்கத்தில் தமது முடிவை அறிவித்தனர். பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அனபைலக்சிஸ் என்ற பெயரையும் ரிஷே சூட்டினார். தமிழில் இதனைத் தீவிர ஒவ்வாமை அதிர்ச்சி எனலாம். இது தமது ஆழ்ந்த சிந்தனையின் விளைவன்று என்றும், கண்ணெதிரே தோன்றிய உண்மையைக் காண மறுக்காததே தமது ஒரே தகைமை என்றும் பின்னாளில் அவர் அடக்கத்துடன் ஒப்புக்கொண்டார்.

முதல் தடவை அந்நியப் பொருள் உட்செல்லும்போது உடல் அதனை நினைவிற் கொள்கிறது. சிலரது உடல் அதனைக் கொடிய பகையெனப் பிழையாகக் கருதி, அதற்கெனத் தனியான எதிர்ப்புப் பொருளை ஆயத்தம் செய்து வைக்கிறது. மறுமுறை அதே பொருள் சிறிதளவு வந்தாலும், உடலின் கலங்கள் ஹிஸ்டமீன் முதலான இரசாயனங்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. குருதிக் குழாய்கள் விரிகின்றன, குருதி அழுத்தம் வீழ்கின்றது, தொண்டையும் சுவாசக் குழாயும் சுருங்குகின்றன. 1906ஆம் ஆண்டு வியன்னாவின் வொன் பிர்க்கே ஒவ்வாமைக்கு அலர்ஜி என்ற பொதுப் பெயரை வழங்கினார். 1907ஆம் ஆண்டு ரிஷே, ஒவ்வாமை கொண்ட நாயின் சீரத்தை மற்றொரு நாய்க்கு ஏற்றினால் அதற்கும் அந்த இயல்பு தொற்றுவதைக் காட்டினார். அந்த எதிர்ப்புப் பொருள் யாதென்பது 1960களின் பிற்பகுதியிலேயே அடையாளம் காணப்பட்டது.

1913ஆம் ஆண்டு ரிஷேக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கப்பலிலும் ஆய்வுகூடத்திலும் தோளோடு தோள் நின்ற போர்ட்டியேக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. வரலாறு பெரும் பேராசிரியரின் பெயரை மட்டுமே உரக்கச் சொன்னது என்பதை நாம் இங்கு பதிவு செய்தாக வேண்டும்.

ரிஷேயின் வாழ்வு முழுவதும் ஒளிமயமானதன்று. போரை எதிர்த்துச் சமாதானத்துக்காக எழுதியவர் அவர். கவிதையும் நாடகமும் நாவலும் படைத்தார். உலங்குவானூர்தியின் முன்னோடியாகிய இயந்திரத்தை 1907ஆம் ஆண்டு உருவாக்கிய பிரெகே சகோதரர்களுக்கும் வழிகாட்டினார். ஆனால் அதே மனிதர் ஆவிகளுடன் பேசுவதாகக் கூறியோரை நம்பினார். பிரான்ஸின் ஆட்சியிலிருந்த அல்ஜியர்ஸ் நகரில் 1905ஆம் ஆண்டு இருட்டறையில் நடந்த ஆவிக் கூட்டங்களை மெய்யென ஏற்று எழுதி, நகைப்புக்கும் ஆளானார். அதனினும் கொடியது, மனித இனங்களுள் உயர்வு தாழ்வு உண்டென்றும், தாழ்ந்தோர் பெருகாது தடுக்க வேண்டுமென்றும் அவர் கொண்டிருந்த கருத்தாகும். பிரான்ஸின் இனமேம்பாட்டுச் சங்கத்துக்கு 1920 முதல் 1926 வரை அவர் தலைமை வகித்தார். ஆசியரும் ஆபிரிக்கருமான எம்மை அவர் சமமாகக் கருதவில்லை. இனத்தின் பெயரால் இழிவும் இழப்பும் கண்ட இந்த மாவட்டத்து மக்கள் இதனை மறந்து அவரைப் போற்ற இயலாது. எனினும் அவர் ஆய்வுகூடத்தில் கண்ட உண்மை எந்த இனத்துக்கும் தனியுரிமையன்று. ஒவ்வாமை அதிர்ச்சி தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று ஆள் பார்த்து வருவதில்லை. 1935ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி பாரிஸில் ரிஷே காலமானார்.

நோயின் இரகசியம் கடலில் தேடப்பட்ட அதே காலத்தில், அதற்கான மருந்தும் பிறந்தது என்பது வரலாற்றின் விந்தையாகும். அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய இரசாயனவியலாளர் ஜோக்கிச்சி தக்காமினே, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய நிலையில் பிரித்தெடுத்ததை 1901ஆம் ஆண்டு உலகறியச் செய்தார். விரிந்த குருதிக் குழாய்களைச் சுருக்கி, சுருங்கிய சுவாசக் குழாயை விரிக்கும் அந்த மருந்தே இன்றும் தீவிர ஒவ்வாமை அதிர்ச்சிக்குரிய முதல் மருந்தாகும்.

ரிஷேயின் இரு கண்டுபிடிப்புகளும் இன்று சந்திக்கும் இடம் எமது நாட்டு வைத்தியசாலைகளின் பாம்புக்கடி விடுதிகளாகும். கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு ஏற்றப்படும் விஷமுறி மருந்து குதிரையின் சீரத்திலிருந்து பெறப்படுவது. அது உயிர் காக்கும் மருந்து. ஆனால் அந்நியப் புரதமாகையால் அதுவே கடும் எதிர்விளைவையும் தரவல்லது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் முன்னின்று நடத்தி 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பாம்புக்கடிக்கு உள்ளாகி விஷமுறி மருந்து ஏற்றப்பட்ட 1007 பேரில் 75 சதவீதமானோருக்கு எதிர்விளைவு தோன்றியமை பதிவாயிற்று. மருந்தேற்றுமுன் சிறிதளவு அட்ரினலினைத் தோலின் கீழ் செலுத்தியபோது கடுமையான எதிர்விளைவுகள் முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதத்தால் குறைந்தன. வழக்கமாக நம்பப்பட்டு வந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தாகிய புரோமெதசீனும் அத்தகைய பயனைத் தரவில்லை. உலக மருத்துவம் கவனித்த இந்த உண்மையை எமது நாட்டு வைத்தியர்களே நிறுவினர் என்பது பெருமைக்குரியது.

இதிலிருந்து பொதுமக்களாகிய நாம் கற்க வேண்டியது யாது? உடலில் தடிப்போ வீக்கமோ கண்டவுடன் எமது வீடுகளில் பிரிட்டோன் குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டு, படுத்து உறங்கினால் சரியாகிவிடும் எனக் காத்திருப்பது வழக்கம். வெறும் தோல் அரிப்புக்கு அது போதுமாக இருக்கலாம். தீவிர ஒவ்வாமை அதிர்ச்சியில் அந்தக் குளிசை மூச்சுக்குழலைத் திறக்காது, வீழ்ந்த குருதி அழுத்தத்தை உயர்த்தாது. அது வேலை செய்யத் தொடங்குமுன் ஆள் கைநழுவிப் போய்விடலாம். பிரித்தானியாவில் இவ்வகை மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, சுவாசமோ இதயமோ நின்றுபோவதற்கு ஊசி மருந்துகளால் 5 நிமிடமும், பூச்சிக்கடியால் 15 நிமிடமும், உணவால் 30 நிமிடமும் சராசரியாகச் சென்றதைக் காட்டியது.

ஆகவே அடையாளம் காண்பதே முதற் கடமை. இறால், நண்டு, மீன், பால், முட்டை, கச்சான் போன்றவற்றை உண்டபின்னரோ, குளவி அல்லது தேனீ கொட்டிய பின்னரோ, மருந்து உட்கொண்ட பின்னரோ, சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரத்துள் உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். உதடும் நாக்கும் வீங்கலாம். குரல் கம்மினாலோ, தொண்டை அடைப்பதாக உணர்ந்தாலோ, மூச்சில் இழுப்புக் கேட்டாலோ, மீண்டும் மீண்டும் வாந்தியோ கடும் வயிற்று வலியோ கண்டாலோ, தலைசுற்றி மயங்கினாலோ அது தீவிர நிலை என்று கொள்ள வேண்டும். குழந்தைகள் திடீரெனச் சோர்ந்து துவள்வதும் அபாய அறிகுறியே. தோலில் எந்த மாற்றமும் இன்றியே சிலருக்கு இது வரும் என்பதையும் மறத்தலாகாது. சென்ற முறை சிறிது அரிப்புடன் போயிற்று, இம்முறையும் அவ்வாறே போகும் என்று எண்ணுவது பெரும் பிழை. நெப்டியூன் என்ற நாய் தன் உயிரைக் கொடுத்து உணர்த்திய பாடம் இதுவேயாகும்.

அறிகுறி கண்டவுடன் நோயாளியைக் கிடத்தி, கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறுவோரைக் கால் நீட்டி அமரச் செய்யலாம். கர்ப்பிணிகளை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பது நன்று. எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. திடீரென எழுந்தமையாலேயே இதயம் நின்று இறந்தோர் உளர். வாயில் நீரோ கசாயமோ புகட்டுதல் ஆபத்தானது. உடனடியாக 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் சேவையைப் பெறலாம். அது தாமதமாகுமெனின் கிடைக்கும் வாகனத்தில் படுத்த நிலையிலேயே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெரிய வைத்தியசாலையைத் தேடி அருகிலுள்ளதைக் கடந்து செல்வதும் தவறு. அட்ரினலின் சிறிய வைத்தியசாலைகளிலும் இருக்க வேண்டிய மலிவான மருந்தாகும்.

அங்கே தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஏற்றப்படும். வளர்ந்தோருக்கு அதன் அளவு 0.5 மில்லிகிராம். சிறுவர்க்கு நிறையைப் பொறுத்துக் குறையும். பயன் காணாதவிடத்து 5 நிமிடத்தின் பின் மீண்டும் ஏற்றப்படலாம். உடல் தேறியது போலத் தோன்றினாலும் சில மணி நேரங்களின் பின் அதிர்ச்சி மீண்டும் வரக்கூடும். ஆகவே வைத்தியர் விடும் வரை வீடு திரும்ப அவசரப்படலாகாது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஐஸ் இன்றி வெயிலில் கிடந்த சூரை போன்ற மீன்களில் கிருமிகளால் ஹிஸ்டமீன் உருவாகும். அதனை உண்டோருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பும் தோன்றும். ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒருங்கே வருமாயின் அது பெரும்பாலும் மீனின் குற்றம், உடலின் ஒவ்வாமையன்று. எனினும் மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றின் எதுவென்று ஆராய்ந்துகொண்டு வீட்டில் இருத்தல் ஆகாது.

ஒரு காலத்தில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு நோயாளியைக் கொண்டுவரப் பாதைக்காகத் துறையில் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதோடு அந்தக் காத்திருப்பு நீங்கிற்று. ஆனால் அறியாமையால் வீட்டிலேயே நாம் காத்திருக்கும் நிமிடங்களை எந்தப் பாலமும் மீட்டுத் தராது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் விபரத்தைப் பாடசாலை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். கந்தூரியிலும் திருமண விருந்திலும் கோயில் அன்னதானத்திலும், உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பவரைச் சங்கடப்படுத்தாது பதில் சொல்லும் பண்பு வளர வேண்டும். ரமழானில் இந்நிலை நேரின், உயிர் காக்கும் பொருட்டு நோன்பை விட மார்க்கம் இடமளித்திருப்பதை நினைவில் இருத்தித் தயங்காது சிகிச்சை பெற வேண்டும். ஒருமுறை அதிர்ச்சிக்கு உள்ளானவர், காரணமான பொருளின் பெயரை எழுதிய அட்டையை எப்போதும் தம்முடன் வைத்திருப்பதும், அட்ரினலினைக் கைவசம் வைத்துக்கொள்வது பற்றி வைத்தியரிடம் ஆலோசிப்பதும் அவசியம். ஆழ்கடலுக்குச் செல்லும் கடற்றொழிலாளர்க்கு இது இன்னும் பொருந்தும். கரை அவர்களுக்கு மணிக்கணக்கான தூரத்தில் இருக்கிறது.

ரிஷே ஆய்வுகூடத்தின் வெளிச்சத்தில் கண்ணெதிரே நடந்ததை நம்பியபோது மனித குலத்துக்குப் பெரும் நன்மை விளைந்தது. இருட்டறையில் தாம் காண விரும்பியதை நம்பியபோது அவரே ஏமாந்தார். எமது வீட்டில் ஒரு பிள்ளையின் உதடு வீங்கி மூச்சு இழுக்கும் வேளையிலும் இவ்விரு வழிகளே எம்முன் உள்ளன. இறால் இதுவரை ஒத்துக்கொண்டதே என்ற பழைய நம்பிக்கையை இறுகப் பற்றுவதா, கண்ணெதிரே தெரியும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு அக்கணமே எழுவதா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள் மட்டுமே.